“டீச்சரம்மா, நீங்கதானே சொன்னீங்க?”

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் தோ பாயோவில் 30 ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள். கொவிட் காலத்தில், 2020 செப்டம்பர் முதல், தொற்று கண்டவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களைக் கண்டறிய உதவும் டிரேஸ்டுகெதர் என்ற சிறு கருவி வழங்கப்பட்டபோது, எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஆங்கிலம் தெரியாத தமிழ் மூத்தோருக்கு அதை விளக்கிச் சொல்லும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன்.

“நீங்கள் போகும் இடம் இதற்குத் தெரியாது. யாருக்குப் பக்கத்தில் இருந்தீர்கள் என்பதை மட்டும் 25 நாள் வைத்திருக்கும், பிறகு தானே அழிந்துவிடும். கிருமித்தொற்றுக்காக அல்லாமல் வேறு எதற்கும் அதைத் திறக்கமாட்டார்கள்.” ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இதையே சொன்னேன். கடைசி வாக்கியம் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் 2020 ஜூனில் கொடுத்த உறுதிமொழி. அதை நம்பித்தான் சொன்னேன்.

மூன்றாம் மாடிப் பாட்டி அந்தக் கருவியை வீட்டுச் சாவியோடு சேர்த்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். வாரம் ஒருமுறை லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போவார். அங்கே யாரைப் பார்க்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன். குற்றமான காரியம் எதுவுமில்லை. வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லாத ஒன்று, அவ்வளவுதான்.

2021 ஜனவரி 4ஆம் தேதி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தரவைக் கேட்டுப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மறுநாள், உறுதிமொழி கொடுத்த அமைச்சர், அப்போது அந்தச் சட்டம் தம் நினைவுக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு கொலை வழக்கில் ஏற்கெனவே தரவு கேட்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. கொலையாளியைப் பிடிப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை பாட்டி மின்தூக்கி அருகே என்னை நிறுத்தி, “டீச்சரம்மா, நீங்கதானே சொன்னீங்க?” என்று கேட்டார். கருவிக்கு இடம் தெரியாது என்று மறுபடியும் விளக்கினேன். “முதல்லயும் இப்படித்தான் சொன்னீங்க” என்றார். அடுத்த சில வாரங்கள் அவர் தேக்காவுக்குப் போகவில்லை.

அரசாங்கம் தவறைத் திருத்திக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிப்ரவரியிலேயே சட்டத் திருத்தம் வந்தது. பயங்கரவாதம், கொலை, ஆட்கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே தரவைப் பயன்படுத்தலாம். மீறுகிற அதிகாரிக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. நல்ல சட்டம். ஆனால் அது வருவதற்கு முன்பே நாட்டு மக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் கருவியையோ அதே வேலையைச் செய்யும் கைப்பேசிச் செயலியையோ பெற்றுவிட்டார்கள். வாக்குறுதி முதலில், தரவு அடுத்து, சட்டம் கடைசியில் என்ற அந்த வரிசையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கேமரா என்றாலே எனக்கு ஆகாது என்று யாரும் எண்ண வேண்டாம். சட்டவிரோதமாகக் கடன் கொடுப்பவர்கள், கடனைத் திருப்பிக் கேட்டு மிரட்டுவதற்காகச் சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சுவரில் கிறுக்கிவிட்டுப் போன கதவுகளை எங்கள் தளத்திலேயே கண்டிருக்கிறேன். கடன் வாங்கியவர் எப்போதோ வீடு மாறிப் போயிருப்பார், அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த குடும்பம் நடுங்கிக்கொண்டிருக்கும். 2012 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் காவல்துறை கேமராக்கள் பொருத்தப்பட்டன. எங்கள் தளத்தில் அதன்பிறகு சாயம் ஊற்றிய கதவை நான் பார்க்கவில்லை. அந்தக் கேமராவைக் கழற்றச் சொன்னால் முதலில் எதிர்ப்பவள் நான்தான்.

2021 செப்டம்பரில் தோ பாயோ மத்தியில் நடந்தது வேறு வகை. சேவியர் என்ற பெயரில் இரண்டு ரோபோக்கள் சோதனை முறையில் மூன்று வாரம் சுற்றிவந்தன. கூடாத இடத்தில் புகைபிடிப்பது, உரிமமில்லாமல் விற்பது, சைக்கிளைக் கண்ட இடத்தில் நிறுத்துவது, அப்போதைய அளவுக்கு மேல் கூட்டமாக நிற்பது இவற்றைக் கண்டுபிடிப்பது அவற்றின் வேலை. கடைக்குப் போன தோழிக்காக நான் தனியே நின்றிருந்தேன். ரோபோ என் பக்கம் திரும்பியதும் என் கை தானாக முகக்கவசத்தைச் சரிசெய்தது. அங்கே ஏன் நிற்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் தயாராக வைத்திருக்க வேண்டும் போலத் தோன்றியது. இந்த ஊரில் அதற்கு முன் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நகர வாழ்க்கைதானே?

நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது, பொதுத்துறை அமைப்புகளுக்கு அது பொருந்தாது. அவற்றுக்கு 2018இல் வந்த தனிச் சட்டமும் உள் விதிமுறைகளும் உண்டு என்கிறார்கள். அதை எளிய தமிழில் மூத்தோருக்கு எப்படி விளக்குவது என்று உட்கார்ந்து பார்த்தேன். எனக்கே தெளிவாக வரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. தொழில்நுட்பத்தை எங்கும் புகுத்தும் ‘அறிவார்ந்த தேசம்’ என்ற அரசுத் திட்டத்தின் பெயரில் இனி எந்தக் கருவியோ கேமராவோ வந்தாலும், எதற்காக, எத்தனை நாள், எந்தக் குற்றத்துக்கு மட்டும் அதன் தரவைத் திறக்கலாம் என்பதை முதலிலேயே சட்டமாக்குங்கள். அதை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் புளோக் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

2023இல் டிரேஸ்டுகெதர் நிறுத்தப்பட்டபோது, பாட்டியின் கருவியை நான்தான் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஒரு கொலை வழக்குக்கு உரியதைத் தவிர மற்றத் தரவெல்லாம் அழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அதையும் பாட்டியிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த கருவி வரும்போதும் எங்கள் புளோக் மூத்தோர் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் படித்துக் காட்ட என் கையில் ஒரு சட்டப் பிரிவு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை, தோ பாயோ