தம்பி கல்யாணத்துக்கு முன் உனக்கு எழுதுவது

மஸ்கெலியா

அன்பு மகளுக்கு,

போனில் இதையெல்லாம் பேச முடியவில்லை. நான் தொடங்கும்போதே பாப்பா அழுகிறாள், நீயும் "அப்புறம் பேசுறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அவள் தூங்கும் நேரத்தில் நிதானமாக வாசி.

முதலில் அந்தக் கிறீம். தம்பி கல்யாணத்துக்குள் முகம் வெளுக்க வேண்டும் என்று இணையத்தில் வாங்கினாயே, அதை இன்றோடு விட்டுவிடு. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி டப்பாவின் நாலு பக்கமும் பார்த்தேன். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை, செய்தவருடைய முகவரி இல்லை. ஏழு நாளில் பலன் என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இப்படி ஊர் பேர் தெரியாமல் விற்கிற, சீக்கிரம் வெளுக்க வைக்கிற கிறீம்களில் பாதரசமோ கடுமையான ஸ்டீரொய்டோ இருப்பதைப் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாதரசம் தோலில் கறுப்பு நிறமி உண்டாகாமல் தடுக்கும். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய்ப்பாலிலும் சேரும். பூசியவள் முகம் துடைத்த துவாய், படுத்த தலையணை வழியாகப் பிள்ளைக்கும் போகும். நாள் முழுக்க உன் கன்னத்தில் கன்னம் வைத்துக் கிடக்கிறவள் பாப்பா, அதை நினைத்துப் பார். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்து, 2017-ல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020-க்குள் நிறுத்த வேண்டும் என்றது. ஆனாலும் இணையத்தில் யார் யாரோ விற்கிறார்கள், நம் பிள்ளைகள் வாங்குகிறார்கள்.

ஸ்டீரொய்டாக இருந்தால் இன்னொரு தொல்லை. பூசும்வரை பளபளப்பாக இருக்கும். தோல் மெலிந்துகொண்டே போகும். நிறுத்தியதும் சிவந்து, எரிந்து, பருக்கள் கிளம்பும். அப்படி வந்தால் பயந்துபோய் மறுபடி அதையே பூசாதே. டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போ.

உன் கன்னத்தில் படர்ந்திருப்பது மங்கு. பிள்ளை உண்டாகும்போது சுரப்பிகள் மாறுவதால் வருவது. எத்தனையோ தாய்மாருக்குப் பார்த்திருக்கிறேன். அநேகம் பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மங்கிப்போகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கும். வெயிலில் குடை பிடி. அதுவே பாதி மருந்து.

சரி, இப்போது சாப்பாடு. காலையில் வெறும் தேத்தண்ணி, பகலில் வெள்ளரிக்காய், இரவில் ஒன்றுமில்லை என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரைக் கோபிக்காதே, பயந்துபோய்ச் சொன்னார். பால் கொடுக்கிற உடம்புக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 500 கலோரி அளவில் கூடுதலாக வேண்டும். நீ கொடுக்காவிட்டால் உடம்பு தன் கையிருப்பிலிருந்து எடுத்துப் பாப்பாவுக்குக் கொடுக்கும். தலைசுற்று, கை நடுக்கம், காரணமில்லாத கோபம் எல்லாம் அதனாலும் வரும். சோறு, பருப்பு, கீரை, நெத்தலி, முட்டை. பெரிய செலவு ஒன்றுமில்லை. சாப்பிடு.

வயிறு உள்ளே போகவில்லை என்று அழுதாய். பிள்ளை இல்லாதபோது கர்ப்பப்பை 60 கிராம் அளவுதான் இருக்கும். பிரசவ நேரத்தில் அது ஒரு கிலோவுக்கு வந்துவிடுகிறது. பிறகு ஆறு வாரத்தில் ஏறக்குறையப் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் எல்லாருமே ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் முன்வயிற்றுத் தசைகள் நடுவில் விலகி வழிவிட்டிருக்கும். அவை நெருங்கிவர மாதக்கணக்காகும். தோலில் விழுந்த கோடுகள் வெளிறும், போகாது. உனக்கு சிசேரியன் வேறு. கொத்துக் கொத்தாகக் கொட்டுகிற முடியைப் பற்றிக் கவலையே வேண்டாம், அநேகமாகப் பாப்பாவுக்கு ஒரு வயதாகும்போது திரும்ப வளர்ந்துவிடும்.

இதை அம்மாவாக மட்டும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கிய மிட்வைஃபாகவும் சொல்கிறேன். அதனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அழுகை காரணமில்லாமல் வருகிறதா? பாப்பா தூங்கினாலும் உனக்குத் தூக்கம் வரவில்லையா? எதிலும் ஆசையில்லாமல் இருக்கிறதா? பிள்ளை பெற்ற தாய்மாரிடம் நாங்கள் கேட்கிற பத்துக் கேள்விகள் உண்டு, உன் பகுதி மிட்வைஃபிடமும் அந்தத் தாள் இருக்கும். அவரைக் கூப்பிடு. இரவில் மனம் தாங்கவில்லை என்றால் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அடித்துப் பேசலாம், காசு கேட்க மாட்டார்கள். கண்ணாடியைப் பார்த்து அழுவது எப்போதும் கண்ணாடியைப் பற்றிய அழுகையாக இருப்பதில்லை என்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

உன்னைப் பார்த்ததும் "பீப்பா மாதிரி ஆயிட்டியே" என்று சொன்ன அத்தையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. நீ பெரியபிள்ளை ஆன சடங்கில் இதே அத்தை சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "எலும்புக்கூட்டுக்குச் சாரி கட்டின மாதிரி இருக்கு." உனக்கு அப்போது 13 வயது. நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் உளுந்தங்களியும் ஊட்டி ஊட்டி, இவள் உடம்பு தேற வேண்டும் என்று ஊரே கவலைப்பட்டது. அப்புறம் கம்பஸ் போனபோது கறுத்துவிட்டாய் என்றார்கள். கல்யாணப் பேச்சில் குட்டை என்றார்கள். இப்போது பருமன். இன்னும் இருபது வருஷம் போனால் கிழடு தட்டிவிட்டது என்பார்கள். உன் உடம்பு ஒவ்வொரு வயதிலும் வேறு வேறாகத்தான் இருந்திருக்கிறது. குறை சொல்கிற வாய் மட்டும் ஒரே மாதிரி இருந்திருக்கிறது. அந்த வாய்க்கு ஏற்றபடி உடம்பை மாற்றிக்கொண்டே இருக்க யாராலும் முடியாது.

குட்டை என்பதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. 2016-ல் இலங்கையில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் எடுத்தால் அது 17 வீதம். தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றோடு மலையேறிய பெண்கள் பெற்ற பிள்ளைகள் நாம். உன் உயரத்தில் இருப்பது அழகுக்குறை இல்லை, நம் சனங்கள் பட்ட பசி. அதை உன் மேல் குற்றமாகச் சுமத்த எவருக்கும் உரிமையில்லை, உனக்கும் இல்லை.

அம்மாயியை உனக்குக் கொஞ்சம்தான் தெரியும். 10-க்கு 12 அடி லயத்துக் காம்பராவில், ஒரே அறையில், எங்களை எல்லாம் வளர்த்தவள். உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றுதான் வீட்டில், அதுவும் பொட்டு வைக்க. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி முன்னந்தலையில் முடி தேய்ந்துபோயிருந்தது. விரல் வெடிப்புகளில் கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்த கோடுகள், எத்தனை தேய்த்தாலும் போகாது. முழங்கையில் பச்சை குத்தியிருந்தாள். காலில் அட்டை கடித்த தழும்புகள். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் என்னை விட்டுவிட்டு, பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்து, மறுபடி ஏறிப் போனவள். 1984 வரை தோட்டத்தில் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம்தான். அதே மலை, அதே மழை, ஆனால் பேர், அதாவது நாள் சம்பளம், மட்டும் குறைவு. அந்த உடம்போடு சீசன் வந்தால் சிவனொளிபாதமலையும் ஏறினாள், இறங்கி வந்து மறுநாள் வேலைக்கும் போனாள். அவள் அழகாக இருந்தாளா என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அவள் கழுத்து வாசம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவள் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. வெட்கம் அப்போதும் இருந்தது, அது பெண்களைக் கொன்றும் இருக்கிறது. 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்காக 1996-லிருந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. பிரஷர், சீனி பார்ப்பார்கள், மார்பைத் தடவிப் பார்ப்பார்கள், கர்ப்பப்பைக் கழுத்தைச் சோதிப்பார்கள். காசில்லை. அதற்கு வரச்சொல்லி நான் வாசல் வாசலாகக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு நாள் பேர் போய்விடும் என்பது ஒரு காரணம், அது நியாயம். ஆனால் தனியாக உட்காரவைத்துக் கேட்டால் வேறு சொல்வார்கள். உள்பாவாடை நைந்திருக்கிறது. வயிறு தொங்குகிறது. கால் வெடித்திருக்கிறது. "இந்த உடம்பை எப்படிம்மா டாக்டர்கிட்ட காட்டுறது?" மார்பில் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டும், துணியைக் கழற்ற வெட்கப்பட்டு மாதக்கணக்கில் பொத்திவைத்திருந்த ஒரு அக்கா என் பகுதியில் இருந்தார். வந்தபோது காலம் கடந்துவிட்டது. நம் நாட்டில் பெண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் மார்பில்தான். ஆரம்பத்தில் கண்டால் பிழைக்க வைக்கலாம். அந்த அக்காவின் முகம் எனக்கு மறக்காது. தன் உடம்பைப் பார்க்கவே பிடிக்காத பெண், அதில் வருகிற மாற்றத்தையும் பார்க்க மாட்டாள். நீ போட்டோவுக்கு ஒளிகிறாய் என்று கேட்டதும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் சொல்கிறேன். 50 வயதில் எனக்கு மாதவிடாய் நின்றது. உடம்பெல்லாம் திடீரென்று சூடு கிளம்பும். மார்கழிக் குளிரில் சாமத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பேன், அப்பா போர்வையோடு வந்து நிற்பார். அப்புறம் இடுப்பு பெருத்தது. ஈஸ்ட்ரஜன் குறைந்தால் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரும், எனக்கும் சேர்ந்தது. மார்பு தளர்ந்தது, நாடியில் இரண்டு முடி முளைத்தது. கண்ணாடி முன் நின்று இதெல்லாம் அழகு என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. உன்னையும் அப்படிச் சொல்லிக்கொள்ளச் சொல்லவில்லை. பிடிக்காத இடம் பிடிக்காமலே இருக்கட்டும். அதற்காகப் பட்டினி போடாதே, விஷம் பூசாதே, மறைந்து திரியாதே. நான் கேட்பது அவ்வளவுதான்.

எடையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அம்மாயிக்குச் சீனி வியாதி இருந்தது, எனக்கும் எல்லையில் நிற்கிறது. நம் தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. கவனிப்போம். பாப்பாவுக்கு ஒரு வயதாகட்டும், காலையில் நடக்கலாம், சீனியைக் குறைக்கலாம். இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று கேட்பதும், அத்தை என்ன சொல்வாள் என்று கேட்பதும் வேறு வேறு. முதல் கேள்வியை மட்டும் கேள்.

நேற்றுத்தான் தம்பி சொன்னான், தாலியின் மூன்றாவது முடிச்சைச் சித்தி மகளைப் போடச் சொல்லிவிட்டாயாம். போட்டோவில் நீ வரக்கூடாது என்பதற்காகவாம். அவன் என்னிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நாத்தனார் முடிச்சு உனக்குரியது. சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயம் முழுக்கச் சுற்றியவள் நீ. அவனுக்குத் தெரிந்த அக்கா இந்த உடம்பில்தான் இருக்கிறாள். சித்தி மகளிடம் நானே பேசிவிட்டேன், அவளும் சரி என்றுவிட்டாள்.

சாரி ஜாக்கெட்டைப் பற்றி யோசிக்காதே. பழைய அளவுக்கு உன்னைக் குறைப்பதைவிடத் துணியைக் கூட்டுவது சுலபம். டவுன் தையல்காரம்மாவிடம் கேட்டேன், இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருக்கிறாராம், பிரித்துத் தருவார். இடையில் பால் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் முன்பக்கம் கொக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போதைய அளவை எடுத்து மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பச் சொல். நாடாவை இறுக்கிப் பிடிக்காமல் அள.

நாலு நாள் முன்னதாகவே வா. ஹட்டனில் இறங்கினால் தம்பி வேனோடு நிற்பான். பாப்பாவின் கிளினிக் கார்டை மறக்காதே. வரும் வழியில் கித்துல்கலையில் நிறுத்திச் சாப்பிடுங்கள், வெறும் வயிற்றோடு வந்து இறங்காதே.

அன்புடன்,
அம்மா