மேலாளர் மீதான கேலியும் விளையாட்டுப் பக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் சரிவைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, அதன் மேலாளராக இருந்த ரூபன் அமோரிமைக் குறித்து எதிரணி ரசிகர்கள் பரப்பிய கேலிகளைச் சுவையாகத் தொகுத்துத் தந்துவிட்டு, அந்த அணியின் துன்பத்திற்கெல்லாம் மேலாளரே காரணம் என்று முடிந்திருந்தது. கேலிகளை நானும் ரசித்தேன்; லிவர்பூல் பக்கம் நிற்பவன் என்பதால் சற்றுக் கூடுதலாகவே ரசித்தேன். ஆனால் மைதானத்தில் எழும் கிண்டலை அப்படியே காரண விளக்கமாக எடுத்துக்கொண்டதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ரசிகர்கள் கேலி செய்யக் கூடாது என்று உபதேசிப்பது என் நோக்கமன்று. வடமேற்கு இங்கிலாந்தின் கால்பந்து வாழ்வில் கேலி பிற்சேர்க்கையன்று, ஆட்டத்தின் பாதி. யுனைடெட்டின் உள்ளூர் எதிரியான மான்செஸ்டர் சிட்டி 1976இல் லீக் கோப்பையை வென்றபின் எந்தப் பெரிய கோப்பையும் இல்லாமல் காத்திருந்தபோது, அந்த வறட்சிக்கு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைக் காட்டும் பதாகையொன்றை யுனைடெட் ரசிகர்கள் தங்கள் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் தொங்கவிட்டு, ஆண்டுதோறும் எண்ணை மாற்றி வந்தார்கள். 2011இல் சிட்டி எஃப்.ஏ. கோப்பையை வென்ற பிறகுதான் அது இறங்கியது. அந்தப் பதாகையைத் தொங்கவிட்டவர்கள் இன்று தங்கள் மேலாளரை மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று முறையிட முடியாது; முறையிடுவதும் இல்லை. 1958இல் யுனைடெட் அணி சென்ற விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளானபோது மாண்ட 23 பேரையும், 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலால் உயிரிழந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரையும் வைத்துப் பாடப்படும் ஈனமான வரிகள் இந்தக் கணக்கில் சேரா. அவை கேலியே அல்ல.

எதிரணியின் மேலாளரைக் கேலி செய்வதில் ஒரு தனி நுட்பம் உண்டு. அவர் மோசமானவர் என்று நேரடியாகச் சொல்வது சொந்த அணி ரசிகர்களின் வேலை. எதிரணி ரசிகர்களுக்கு அவர் நீடிக்க வேண்டும் என்பதே ஆசை. ஆகவே அவர்கள் அவரைப் புகழ்ந்து பாடுவார்கள். நம் அணியிலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி என்று வகுத்து வைத்திருப்பதை லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் யாரும் பாடமாகப் படித்ததில்லை என்றாலும், 2018 டிசம்பர் 16 அன்று யுனைடெட் அங்கே 3–1 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, யுனைடெட் மேலாளர் மொரினியோவை நீக்கிவிடாதீர்கள் என்று லிவர்பூல் ரசிகர்கள் கூட்டமாக வேண்டிப் பாடினார்கள். இரண்டே நாளில் அவர் நீக்கப்பட்டார் என்பது எங்களுக்கு வருத்தமான செய்திதான். இதைவிடக் கூர்மையானது 2021 அக்டோபர் 24 அன்று நடந்தது. ஓல்ட் டிராஃபோர்டில் லிவர்பூல் 5–0 என்று வென்ற அந்த ஆட்டத்தில், அப்போதைய யுனைடெட் மேலாளர் ஓலே குன்னர் சோல்ஷாரைப் பாராட்டி யுனைடெட் ரசிகர்கள் தாங்களே கட்டிய பாட்டை, ஒரு சொல்லும் மாற்றாமல், லிவர்பூல் ரசிகர்கள் அவர்களுடைய வீட்டிலேயே பாடிக் காட்டினார்கள். இதில் கால்பந்து ஆய்வு ஏதுமில்லை. அந்த நேரத்தின் வெற்றிக் களிப்பு மட்டுமே இருக்கிறது. அது போதும்; அதற்குமேல் அதனிடம் கேட்கக் கூடாது.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு டேவிட் மோயஸின் கதை போதும். தங்கள் கட்டுரை அவரை ஒரே வரியில் கடந்துவிட்டதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அலெக்ஸ் ஃபெர்குசன் இருபத்தாறு ஆண்டுகளுக்கும் மேலாக யுனைடெட்டின் மேலாளராக இருந்து, 13 லீக் பட்டங்களை வென்று, 2013 மே மாதம் விடைபெற்றபோது தம் இடத்திற்குத் தாமே தேர்ந்தெடுத்தவர் மோயஸ். லிவர்பூல் நகரின் மற்றொரு கிளப்பான எவர்ட்டனில் பதினோர் ஆண்டுகள் குறைந்த பணத்தில் நிறைந்த வேலை பார்த்தவர். ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். பத்து மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் எதிரணி ரசிகர்களுக்குத் தினமும் திருவிழா. பட்டியலின் அடியில் கிடந்த ஃபுல்ஹாமுக்கு எதிராக எண்பதுக்கும் மேற்பட்ட முறை பந்தைப் பக்கவாட்டிலிருந்து கோல் முகத்திற்குத் தூக்கியடித்தும், கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி 2–2 என்று முடித்ததை எத்தனை விதமாகக் கிண்டல் செய்தோம் என்பதற்கு அளவே இல்லை. 2014 மார்ச்சில் லிவர்பூலும் சிட்டியும் பத்து நாள் இடைவெளிக்குள் ஓல்ட் டிராஃபோர்டுக்கு வந்து ஆளுக்கு 3–0 என்று வென்று போயின. ஏப்ரல் 20 அன்று கூடிசன் பார்க் மைதானத்தில், அவருடைய பழைய எவர்ட்டனிடமே 2–0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, கறுப்பு அங்கியும் அரிவாளுமாக எமன் வேடமிட்ட ஒருவர் மோயஸின் முதுகுக்குப் பின்னால் நின்று கையசைத்தார். இரண்டு நாளில் பதவி போயிற்று.

அந்தச் சிரிப்புக்குள் மறைந்துபோன விவரங்கள் வேறு. ஃபெர்குசன் விட்டுச்சென்ற அணி 11 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்ற அணிதான். ஆனால் தடுப்பாட்ட வீரர்களான ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா மூவரும் முப்பதைக் கடந்து இறக்கத்தில் இருந்தார்கள், கிக்ஸுக்கு அந்த நவம்பரில் நாற்பது வயது நிறைந்தது, ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். ஃபெர்குசனோடு சேர்ந்து தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகியதால், வீரர்களை வாங்கும் பொறுப்பு அந்தத் தொழிலில் புதியவரான எட் வுட்வர்டிடம் வந்து சேர்ந்தது. பல பெரிய பெயர்களைத் துரத்திவிட்டுக் கடைசி நாளில் கிடைத்தவர் எவர்ட்டனின் நடுக்கள வீரர் ஃபெலைனி மட்டுமே. அவரையும், ஜூலை முடியும்வரை சுமார் 2.35 கோடி பவுண்டுக்கு வாங்கியிருக்கக்கூடியவரை, 2.75 கோடி கொடுத்து வாங்கினார்கள். மோயஸ் தவறே செய்யவில்லை என்று நான் வாதிடவில்லை. ஃபெர்குசனின் உதவிப் பயிற்சியாளர்களை மொத்தமாக அனுப்பியது பெரிய தவறு. ஆனால் எமன் வேடக்காரர் வுட்வர்டின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றிருக்க வாய்ப்பில்லை. வுட்வர்ட் உட்கார்ந்திருந்த அறையைக் கேமரா காட்டுவதில்லை. கேலிக்கு ஒரு முகம் வேண்டும். தொண்ணூறு நிமிடமும் கோட்டோரம் நிற்கும் முகம் மேலாளருடையது ஒன்றே.

அதே மோயஸ் 2023இல் வெஸ்ட் ஹாமுக்கு ஐரோப்பியக் கோப்பையொன்றை வென்று தந்தார். 2025 ஜனவரியில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் விளிம்பில் நின்ற எவர்ட்டன் அவரையே திரும்ப அழைத்தது. அணியை 13ஆம் இடத்திற்குக் கொண்டுவந்ததோடு, அந்த மே மாதம் கூடிசன் பார்க்கில் எவர்ட்டன் ஆடவர் அணி ஆடிய கடைசி ஆட்டத்தையும் அவரே வென்று முடித்தார்.

மோயஸுக்குப் பின் வான் ஹால், மொரினியோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம் என்று வரிசையாக வந்தார்கள். இவர்களில் வான் ஹால் எஃப்.ஏ. கோப்பையை வென்ற இரண்டாம் நாள் நீக்கப்பட்டார். டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டு அக்டோபரில் அனுப்பினார்கள். அமோரிம், பத்தொன்பது ஆண்டுகளாகப் பட்டமில்லாதிருந்த ஸ்போர்ட்டிங் லிஸ்பனை 2021இல் போர்ச்சுகல் சாம்பியனாக்கி, 2024இல் மீண்டும் வென்று காட்டியவர். மூன்று தடுப்பாளர்களை வைத்து ஆடும் தம் முறையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததும், 2025 ஆகஸ்டில் நான்காம் பிரிவைச் சேர்ந்த கிரிம்ஸ்பியிடம் பெனால்டியில் தோற்ற இரவில் சிறு வியூகப் பலகையில் காந்தப் பொத்தான்களை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் கேலிக்கு உரியவையே. ஆனால் அவர் எப்படி ஆடுபவர் என்று தெரிந்தேதான் அழைத்தார்கள். அந்த முறைக்கேற்ற வீரர்கள் இல்லாத அணியை, பருவத்தின் நடுவில், கையில் கொடுத்தார்கள். 2024–25இல் 42 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் முடிந்ததை விளக்க இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் அந்தப் பருவ இறுதி ஆட்டத்தில் பில்பாவோவில் யுனைடெட்டை 1–0 என்று வென்ற டாட்டன்ஹாம், லீக்கில் யுனைடெட்டையும்விடக் கீழே, 17ஆம் இடத்தில் முடித்த அணி. பதினேழு ஆண்டுக் கோப்பை வறட்சியைத் தீர்த்துவைத்த அவர்களுடைய மேலாளர் போஸ்டெகோக்லு, கோப்பையைத் தூக்கிய பதினாறாம் நாள் நீக்கப்பட்டார். தோற்றவர் அப்போது நீடித்தார், வென்றவர் போனார். இதிலிருந்து மேலாளரின் தகுதியைப் பற்றி ஒரு விதியைத் தங்கள் கட்டுரையாளரால் வகுக்க முடிந்தால் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

இந்த ஆறு பேரின் காலத்திலும் மாறாமல் இருந்தவர்கள் உரிமையாளர்கள். 2005இல் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்கு இந்தக் கிளப்பை வாங்கியபோது, அதற்காகத் திரட்டிய கடனின் பெரும்பகுதியை, அதுவரை கடனே இல்லாதிருந்த கிளப்பின் தலையிலேயே கட்டியது. 2024இல் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் பங்கு வாங்கிக் கால்பந்து நிர்வாகத்தை ஏற்ற பிறகும் பெரும்பான்மை உரிமை அவர்களிடமே இருந்தது. யுனைடெட் ரசிகர்களில் கூரறிவுள்ளவர்கள் யாரைக் குறிவைக்க வேண்டும் என்பதைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் சிலவற்றோடு சேர்ந்து, பிரிந்துசென்று சூப்பர் லீக் என்ற தனிப் போட்டி அமைக்க ஆறு ஆங்கிலக் கிளப்புகள் கிளம்பிய இரண்டு வாரத்திற்குள், 2021 மே 2 அன்று, அவர்கள் ஓல்ட் டிராஃபோர்டுக்குள் புகுந்து போராடியதால் தள்ளிவைக்கப்பட்டது லிவர்பூலுடனான ஆட்டம். லிவர்பூலும் அந்த ஆறில் ஒன்று. அதன் உரிமையாளர்களை லிவர்பூல் ரசிகர்களும் அதே வாரங்களில் வசைபாடிக்கொண்டிருந்தார்கள். மேலாளரைப் பற்றிப் பாடும்போது எதிரெதிராக நிற்கும் இரு கூட்டமும் உரிமையாளர்கள் விஷயத்தில் ஒரே பக்கம் நின்ற அந்த நாள்களைத் தங்கள் கட்டுரை குறிப்பிடவே இல்லை.

கேலியை வைத்துக் கணிப்புச் சொல்வதிலும் எச்சரிக்கை தேவை. மோயஸ் நீக்கப்பட்டபோது லிவர்பூல்காரர்களான நாங்கள் 1990க்குப் பிறகான முதல் பட்டத்தை எட்டிப் பிடிக்கும் தொலைவில் இருந்தோம். ஐந்தே நாளில், ஆன்ஃபீல்டில் செல்சிக்கு எதிராக எங்கள் அணித்தலைவர் ஜெரார்ட் வழுக்கி விழுந்தார். பட்டம் சிட்டிக்குப் போயிற்று. அந்த வழுக்கலைப் பற்றிய பாட்டு இங்கிலாந்தின் எல்லா மைதானங்களிலும் கேட்டது. அடுத்த பட்டத்துக்கு 2020 வரை காத்திருந்தோம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ரசிகர்களின் கேலிகளைத் தாங்கள் தொடர்ந்து அச்சிட வேண்டும். அவற்றைத் தமிழில் தரும்போது வரும் நயத்துக்காகவே நான் அந்தப் பக்கத்தை முதலில் திருப்புகிறேன். அவற்றை ஒரு தனிக் கட்டத்துக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் எழுதும் கட்டுரையில் யார் யாரை வாங்கினார்கள், என்ன விலைக்கு, யாருடைய முடிவின்படி, கடன் எவ்வளவு, பயிற்சியாளர் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்பதைத் தங்கள் கட்டுரையாளர் விசாரித்து எழுதட்டும். லிவர்பூலைப் பற்றி எழுதும்போதும் இதே கேள்விகளைக் கேட்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி