தேர்ச்சிப் பட்டியலில் தெரியாத கடலோரப் பள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் 96.36 சதவீதத் தேர்ச்சியுடன் ராமநாதபுரம் மாவட்டம் மாநிலத்தில் மூன்றாம் இடம் பிடித்தது. வளர்ச்சியில் பின்தங்கியது என்று 2018-இல் மத்திய அரசின் நிதி ஆயோக் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் சேர்த்த மாவட்டம் இது. ஆசிரியர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்து நானும் பெருமைப்பட்டேன். ஆனாலும், கடலாடி வட்டத்துக் கடற்கரையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

35 எடுத்தாலும் தேர்ச்சி, 95 எடுத்தாலும் தேர்ச்சி. பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கப் போய் நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

எங்கள் கணித ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போனார். வயதான பெற்றோரை வைத்திருப்பவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடம் அரையாண்டுத் தேர்வு வரை காலியாகவே கிடந்தது. தொகுப்பூதியத்துக்கு ஒருவரைத் தேடிப் பிடித்தோம். நேரத்துக்குப் பஸ் இல்லாமல் அவரும் நின்றுவிட்டார். அறிவியல் ஆசிரியையே கணக்கையும் சேர்த்து நடத்தினார். பிள்ளைகள் தேறிவிட்டார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு தாயின் மகள், எட்டாம் வகுப்பு வரை கணக்கில் முதலாவதாக வந்தவள், முதல் குரூப் கேட்டாள். மதிப்பெண் போதவில்லை என்று வேறு பிரிவில் சேர்த்துவிட்டார்கள்.

அறிவியலில் செய்முறைக்கு மட்டும் 25 மதிப்பெண். கம்பியின் மின்தடை எண் காணும் சோதனைக்குக் கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளக்க வேண்டும். எங்கள் பள்ளித் திருகு அளவியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உப்புக்காற்றில் துருவேறி, தலையைத் திருகினால் அசையவே இல்லை. ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போட்ட விட்டத்தைத்தான் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடலை விட்டுத் தள்ளி இருக்கும் பள்ளிக்கு ஒதுக்குவது போலவே கடலோரப் பள்ளிக்கும் ஆய்வகக் கருவி ஒதுக்கினால் எப்படிப் போதும்? இங்கே இரும்பு சீக்கிரம் செத்துவிடும்.

மாவட்டக் கல்வித் துறை தேர்ச்சி சதவீதத்தை வெளியிடும் அன்றே, எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்ற பட்டியலையும் வெளியிட வேண்டும். கடலோரப் பள்ளி ஆசிரியருக்கு மாறுதல் கிடைத்தால் தாராளமாகப் போகட்டும். அவர் இடத்துக்கு ஆள் வந்து பொறுப்பேற்ற பிறகே அவரை விடுவிக்க வேண்டும். வரும் கலந்தாய்விலேயே இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
கடலாடி வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.