என் சிறுநீரையும் ஒரு போத்தலில் பிடியுங்கள்

கொழும்பில் இயற்கை (ஊக்கமருந்து தொடாதவர்களுக்கான) ஆணழகன் போட்டி நடத்தும் ஒழுங்கமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

போன முறை உங்கள் போட்டி முடிந்த இரவு, ஊக்கமருந்துப் பரிசோதனைக்குக் கூப்பிடப்பட்டவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனார்கள். மூன்று நாளாகத் தண்ணீரை அளந்து குடித்தவர்களிடம் போத்தலை நிரப்பச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? கூப்பிடாமலே போனவன் நான் ஒருவன். வாசலில் பட்டியலோடு இருந்த தம்பி என்னைப் பார்த்தார், என் சக்கரக் கதிரையைப் பார்த்தார். "ஐயோ அண்ணா, உங்களுக்கு இது தேவையில்லை, நீங்கள் போய் ஓய்வெடுங்கள்" என்றார். நல்ல பிள்ளை. குடிக்கத் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தார். அந்த அன்பைப் பற்றித்தான் இந்த மடல்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் கொட்டாஞ்சேனை. வயது 36. 2014இல் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் வயரிங் வேலை செய்துகொண்டிருந்தபோது சாரத்திலிருந்து விழுந்தேன். முள்ளந்தண்டில் மார்புப் பகுதியின் பத்தாவது எலும்பு உடைந்தது. தொப்புளுக்குக் கீழே உணர்வில்லை. இப்போது கைப்பேசி திருத்துகிறேன். ஏழு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன், தசை வளர்க்கும் ஊசியோ மாத்திரையோ தொட்டதில்லை. இவ்வளவு போதும். விழுந்த கதையை உங்கள் அறிவிப்பாளர் அன்று மேடையில் என்னைவிட உருக்கமாகச் சொல்லிவிட்டார். பின்னணியில் வயலின் இசை வேறு.

விண்ணப்பப் படிவத்தில் 'பிரிவு' என்ற இடத்தில் நான் 65 கிலோவுக்கு உட்பட்டோர் என்று எழுதியிருந்தேன். அதை யாரோ கோடு கிழித்து 'விசேட' என்று மாற்றியிருந்தார்கள். என்ன பிரிவு அது, எத்தனை பேர், எந்த விதி என்று கேட்டேன். "பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். பார்த்துக்கொண்டது இப்படித்தான்: போட்டி தொடங்குவதற்கு முன்னமே என்னை மேடைக்குத் தூக்கினார்கள். ஐந்து படி, நாலு பேர். நாலு பேரில் இரண்டு பேர் போட்டியாளர்கள், உடம்பு முழுக்க எண்ணெய். கதிரையின் பிடி வழுக்கி ஒரு பக்கம் சரிந்தபோது என் கால்கள் இழுத்து உதறத் தொடங்கின. இழுப்பு வந்தால் அப்படித்தான், என் கையில் இல்லை. சபை அதற்கும் கைதட்டியது. இரண்டு நிமிடம் போஸ் கொடுத்தேன். நடுவர் மேசையைப் பார்த்தேன்: பேனா மூடியிருந்தது. ஒருவர் கைப்பேசியில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேடயம், பொன்னாடை, கீழே இறக்கினார்கள். அதற்குப் பிறகுதான் போட்டி தொடங்கியது.

பதினாறு வாரம் தயாரானவனுக்கு அந்த மூடிய பேனா எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்களில் பலர் ஒரு காலத்தில் மேடை ஏறியவர்கள்தானே.

அந்தப் பதினாறு வாரத்தில் என்ன நடக்கும் என்று கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்த கணக்கு எனக்குப் பொருந்தாது. முதல் தடவை ஒரு ஜிம் மாஸ்டர் நடக்கிறவர்களுக்கு எழுதும் அதே உணவுத்தாளை எனக்கும் தந்தார், நாளுக்கு 2400 கலோரி. எடை குறையவேண்டிய இடத்தில் இரண்டு கிலோ கூடிவிட்டது. உடம்பில் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் புட்டத்திலும் இருக்கின்றன. எனக்கு அவை வேலை செய்வதில்லை, எரிக்கும் சக்தியும் அந்த அளவுக்குக் குறைவு. 1600க்கு இறக்கிய பிறகுதான் கொழுப்பு அசைந்தது. அவித்த முட்டை, கோழி நெஞ்சு, பருப்பு, ஒரு பிடி சிவப்பரிசிச் சோறு. அம்மா இடியப்பம் அவித்தால் நான் கடையில் வேலை என்று சொல்லி வெளியே போய்விடுவேன்.

விடிய ஐந்து மணிக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் கதிரையை மடித்துப் பின்னால் கட்டிக்கொண்டு சுதந்திர சதுக்கத்தில் இறக்கிவிடுவார். நடக்க வருகிறவர்கள் நிறைவதற்குள் ஒரு மணி நேரம் சில்லைத் தள்ளுவேன். காயத்துக்குக் கீழே எனக்கு வியர்ப்பதில்லை. கொழும்பு வெக்கையில் உடம்பு சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் தலை சுற்றும். அதனால் கழுத்தில் ஈரத் துவாய், மடியில் தெளிக்கிற போத்தல். தண்ணீரைக் குறைத்துத் தசையைக் காட்டும் கடைசி வாரத் தந்திரம் எனக்கு ஆகாது. நாலு மணிக்கொரு தடவை குழாய் போட்டுத்தான் சிறுநீர் எடுக்கிறேன். தண்ணீர் குறைந்தால் கிருமி ஏறும், காய்ச்சல் வரும், சிறுநீரகம் கெடும். மேடையில் என் வயிறு மற்றவர்களுடையதைப் போலக் காகிதமாக இராததற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விடப் பயம் புண்தான். கொழுப்பு கரையக் கரைய உட்காரும் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் மட்டும்தான் மிஞ்சும். நோவு தெரியாது, ஆகவே எச்சரிக்கையும் கிடையாது. கால் மணிக்கொரு தடவை கையூன்றி உடம்பைத் தூக்கி இரத்தம் ஓடவிடவேண்டும், இரவில் கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டும். பதின்மூன்றாம் வாரம் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஒன்பது நாள் குப்புறக் கிடந்தேன். குப்புறக் கிடந்தபடியே இரண்டு கைப்பேசித் திரையும் மாற்றினேன், அது வேறு கதை. புண் ஆழமாகிவிட்டால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. போட்டிக்காக எலும்பு வரைக்கும் இளைக்க நான் தயாரில்லை, அதை உங்கள் நடுவர்கள் தெரிந்துகொண்டுதான் என்னைப் பார்க்கவேண்டும். தெரிந்துகொண்ட பிறகு கறாராகப் பார்க்கட்டும்.

"கால் இல்லாமல் எப்படி மதிப்பெண் போடுவது?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு வேறு இடங்களில் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் ஒலிம்பியா ஆணழகன் போட்டியில் 2018இலிருந்து சக்கர நாற்காலிப் பிரிவு இருக்கிறது. ஹரோல்ட் கெல்லி முதல் ஐந்து வருடமும் தொடர்ந்து வென்றார். நமக்குப் பக்கத்தில், பஞ்சாபின் லூதியானாவைச் சேர்ந்த ஆனந்த் அர்னோல்ட் பதின்ம வயதில் முள்ளந்தண்டுப் புற்றுநோயால் நடை இழந்தவர், இதே மேடைகளில் பெயர் எடுத்திருக்கிறார். ஒலிம்பியா உங்களைப் போல 'இயற்கை' என்று பெயர் வைத்த மேடை கிடையாது, அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. பிரிவு எப்படி நடக்கிறது என்பதற்காக மட்டும் சொல்கிறேன். அங்கே இடுப்புக்கு மேலேதான் பார்க்கிறார்கள். டபுள் பைசெப்ஸ், லாட் ஸ்பிரெட் (முதுகை விரித்துக் காட்டுவது), பக்கவாட்டு மார்பு, ட்ரைசெப்ஸ், வயிறு, இந்தப் போஸ் எல்லாம் கதிரையில் இருந்தே காட்டக்கூடியவை. முதுகுக்குக் கதிரையைத் திருப்பிப் பிரேக் போட்டால் சரி. சாய்மானம் தாழ்வாக இருக்கவேண்டும், கைப்பிடியைக் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் நடுவருக்கு அரைவாசி உடம்பு தெரியாது. உடம்பில் பூசும் கறுப்புச் சாயம் சில்லில் ஒட்டி உள்ளங்கைக்கு வரும், அதற்கு நான் சாப்பாடு சுற்றுகிற பொலித்தீனைச் சில்லில் சுற்றிக்கொள்கிறேன். யாராவது புதிதாக வந்தால் சொல்லிக்கொடுங்கள்.

உண்மையான சிக்கல் வேறொன்று, அதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கதிரையில் இருக்கிற எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. என் வயிற்றில் மேல் வரிசைத் தசை என் பேச்சைக் கேட்கும், கீழ் வரிசை கேட்காது. காயம் இன்னும் மேலே உள்ளவருக்கு முழு வயிறும் கேட்காது. கண்ணிவெடியில் காலை இழந்த ஒருவருக்கு முண்டம் முழுவதும் நல்லபடி வேலை செய்யும். வவுனியாவில் எனக்கு அப்படி ஒரு கூட்டாளி இருக்கிறான், கை ஒடியப் பயிற்சி செய்தாலும் வயிற்றில் என்னால் அவனை வெல்ல முடியாது. இதை எப்படிச் சமப்படுத்துவது? முதல் வருடம் எல்லோரையும் ஒரே பிரிவில் போடுங்கள், நான் தோற்கிறேன். ஆள் சேர்ந்த பிறகு காயத்தின் மட்டத்தை வைத்துப் பிரிக்கலாம். தோற்கிற வாய்ப்பே இல்லாத ஒரு மேடையில் கேடயம் வாங்கிய நினைப்புத்தான் எனக்கு இன்றும் தொண்டையில் நிற்கிறது.

2021இல் டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றருக்கு எறிந்து பராலிம்பிக்கில் இலங்கையின் முதல் தங்கத்தை எடுத்தார், உலக சாதனையோடு. கை காயப்பட்டவர் என்று யாரும் அளவு நாடாவில் ஓரங்குலம் கூட்டிப் போடவில்லை. நாடு கொண்டாடியது அந்த அளவைத்தான்.

சரி, சிறுநீருக்கு வருகிறேன்.

என் தோளைப் பார்த்து ஜிம்மில் சிலர் 'ஊசி' என்று குசுகுசுக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. நாள் முழுக்கச் சில்லைத் தள்ளுகிறவனின் தோள் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. இன்னும் சிலர் நேரெதிர்: இந்த நிலையில் இருக்கிறவன் ஏமாற்றுவானா, பாவம் என்கிறார்கள். அதுவும் தப்பு. ஏமாற்ற இரண்டு காலும் வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. காயம் மேலே உள்ள சில வீரர்கள் தங்கள் உடம்பைத் தாங்களே வருத்தி இரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டத்துக்குப் போவதை பராலிம்பிக் குழு தனியாகத் தடை செய்திருக்கிறது. எங்களிலும் எல்லா வகையும் உண்டு. ஆகவே இரண்டு கூட்டத்துக்கும் என்னிடம் இருக்கக்கூடிய ஒரே பதில் ஆய்வுகூடத் தாள். அந்தத் தாள் இல்லாவிட்டால் 'இயற்கை' என்ற சொல் என் பெயருக்கு முன்னால் வெறும் சொல்தான்.

எப்படி எடுப்பது என்று தடுமாறத் தேவையில்லை. சிறுநீர்ப் பை பாவிப்பவர் அதில் இருக்கிறதை முதலில் வெளியேற்றிவிட்டுத்தான் மாதிரி கொடுக்கவேண்டும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பரிசோதனை விதிகளிலேயே இருக்கிறது. நமது நாட்டில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் ஊக்கமருந்தைத் தடுக்கவென்றே இருக்கிறது. இழுப்புக்காக நான் குடிக்கிற பக்லோஃபென் தடைப் பட்டியலில் இல்லை, இருந்தாலும் மருத்துவர் எழுதிய சீட்டின் பிரதியைப் படிவத்தோடு சேர்த்துத்தான் தந்தேன். அதைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை, ஏனென்றால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

படிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டம் பேசினால் சண்டைக்காரன் என்பார்கள், ஆனாலும் பேசவேண்டியிருக்கிறது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது, இலக்கம் 28. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. கார் மேல் மரம் விழுந்து 1992இல் நடை இழந்த முன்னாள் கிரிக்கெட் நடுவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா அதற்காக உயர் நீதிமன்றம் வரை போய் 2011இல் கட்டளை வாங்கினார். அவர் காலமாகிவிட்டார், படிகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற பொது அளவில் ஒரு மீற்றர் மேடைக்குப் பன்னிரண்டு மீற்றர் சாய்தளம் வேண்டும். வாடகை ஹோலில் அது லேசில்லை என்று எனக்கும் தெரியும். முதல் வருடம் எங்கள் பிரிவை மேடைக்குக் கீழே, நடுவர் மேசைக்கு முன்னால், விளக்கைத் திருப்பி வைத்து நடத்தினாலும் நான் வருவேன். வவுனியாக் கூட்டாளி வரமாட்டான், மேடை என்றால் மேடைதான் என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். தூக்க நாலு பேரும் அந்த எண்ணெயும் மட்டும் இனி வேண்டாம்.

எடை பார்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். உங்கள் தராசில் கதிரை ஏறாது. நான் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில்தான் ஏழு வருடமாக நிறுக்கிறேன். கதிரையோடு ஒரு தடவை, வெறுங்கதிரை ஒரு தடவை, கழித்தால் நான். கடை ஐயாவிடம் கேட்டுவிட்டேன். உங்கள் ஆட்கள் வந்து நின்று பார்த்து எழுதிக்கொள்ளலாம், தேநீரும் தருவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு லொறி வந்து இறக்கத் தொடங்கிவிடும். ஆகவே சனி காலை எட்டு மணிக்கு என்று போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து, 65 கிலோவுக்கு உட்பட்ட ஒருவன்