லண்டன் வாணவேடிக்கையும் நம்ம ஊரும்: மேற்கத்திய இசை நிகழ்ச்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் மேற்கத்திய செவ்வியல் இசை நிகழ்ச்சிகள் நடத்தும் குழுக்களுக்கும், பாடகர் குழுக்களை வழிநடத்துவோருக்கும், பிள்ளைகளுக்கு வயலினும் பியானோவும் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டலின் வாணவேடிக்கை இசையை வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். எனக்குப் பக்கத்து இருக்கையில் பத்து வயதுப் பையன் ஒருவன், அம்மாவோடு. முதல் பகுதி முடிந்து கைதட்டல் அடங்கியதும் அவன் கேட்டான்: "எதுக்கும்மா பட்டாசு வெடிச்சாங்க?" அந்த அம்மா கையிலிருந்த நிகழ்ச்சித் தாளைப் பார்த்தார். ஹேண்டல் பிறந்த வருடம் இருந்தது. "கொண்டாட்டமான, துள்ளலான இசை" என்று ஒரு வரி இருந்தது. திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் முழுக்க விளம்பரம். "ராஜாவுக்குப் பிறந்தநாளா இருக்கும்டா" என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. தாளில் இருந்தால்தானே சொல்வார். அடுத்த பகுதி தொடங்கிவிட்டதால் நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

அது பிறந்தநாள் இல்லை. எட்டு வருடப் போர் ஒன்று முடிந்ததற்கான வாணவேடிக்கை. 1740 அக்டோபரில் ஆஸ்திரியாவை ஆண்ட ஆறாம் சார்லஸ் இறந்தார். பட்டம் மகள் மரியா தெரேசாவுக்கு. ஒரு பெண்தானே என்று நினைத்த பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக் அந்த டிசம்பரிலேயே அவருடைய சைலீசியாவுக்குள் படையோடு நுழைந்தார். பிரான்ஸ் ஒரு பக்கம் சேர, இங்கிலாந்து மறுபக்கம் சேர, ஐரோப்பாவில் மூண்ட தீ கடல் தாண்டியும் பரவியது. 1745இல் வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்களின் லூயிஸ்பர்க் கோட்டையை ஆங்கிலேயத் தரப்பு பிடித்தது. 1746 செப்டம்பரில் லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்கள் சென்னைப் பட்டணத்தின் முன்னால் வந்து நின்றன. சில நாட்களில் புனித ஜார்ஜ் கோட்டை அவர்கள் கைக்குப் போனது. ஆற்காடு நவாபின் மகன் மாபுஸ் கான் பெரும்படையோடு மீட்க வந்தார். சாந்தோம் பக்கம், அடையாற்றங்கரையில், சில நூறு பிரெஞ்சு வீரர்களும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களும் அந்தப் படையைச் சிதறடித்தார்கள்.

1748 அக்டோபரில் எக்ஸ்-லா-ஷபெல் என்ற ஊரில் உடன்படிக்கை ஆனது. கொடுக்கல் வாங்கலில் ஒரு கணக்கு இப்படி: லூயிஸ்பர்க் பிரான்சுக்கு, சென்னை இங்கிலாந்துக்கு. இரண்டு ஊர்களிலும் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஆகஸ்டில் ஆங்கிலேயர்கள் கோட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்கு நாலு மாதம் முன்பே லண்டனில் வெடி வெடித்தாகிவிட்டது. நாம் அரங்கில் உட்கார்ந்து கேட்டது அந்த இரவின் இசையைத்தான். நம் ஊர் கைமாறிய உடன்படிக்கைக்கான இசை நம் ஊரிலேயே ஒலிக்கிறது. அதைச் சொல்ல நிகழ்ச்சித் தாளில் ஒரு வரிக்கு இடமில்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

அந்த இரவைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். 1749 ஏப்ரல் 27, லண்டன் கிரீன் பார்க். செர்வாந்தோனி என்ற இத்தாலியர் மரத்தாலும் துணியாலும் ஒரு சமாதானக் கோயில் கட்டியிருந்தார். 410 அடி நீளம், 114 அடி உயரம். இசை வேண்டும் என்று முடிவானதும், அதில் ஃபிடில் இருக்கக்கூடாது, போர்க்கருவிகளாகவே இருக்கட்டும் என்பது இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் விருப்பம். ஹேண்டலுக்கு மனமே இல்லை. ஆனாலும் 24 ஓபோ, 12 பசூன், 9 டிரம்பெட், 9 ஹார்ன், மூன்று ஜோடி பேரிகை என்று எழுதிக்கொடுத்தார். டிரம்பெட்டும் குதிரையின் இருபுறமும் தொங்கும் பேரிகையும் அன்று குதிரைப்படைக்கு உரியவை. அவை சேர்ந்து முழங்கினால் 1749இல் கேட்டவர் காதில் படை வருகிற சத்தமே விழுந்திருக்கும். இன்று நமக்கு அது கல்யாண வீட்டு மங்கல ஒலி மாதிரி கேட்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப யாராவது ஒருவர் பேசித்தான் ஆகவேண்டும்.

ஆறு நாள் முன்பு வாக்ஸ்ஹால் தோட்டத்தில் நடந்த ஒத்திகைக்கே கட்டுக்கடங்காத கூட்டம். பன்னிரண்டாயிரம் பேர் என்று பத்திரிகைகள் எழுதின. லண்டன் பாலத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் நகரவில்லை. வாணவேடிக்கை நாளிலோ மழை. வெடிகள் நமுத்துப்போயின, போதாக்குறைக்குக் கோயிலின் ஒரு பக்க மண்டபம் தீப்பிடித்து எரிந்தது. செர்வாந்தோனி ஆத்திரம் தாங்காமல் பொறுப்பதிகாரி மேல் வாளை உருவ, அவரைக் காவலில் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, மே 27 அன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகத்துக்கு நிதி திரட்ட ஹேண்டல் அதே இசையை வாசிக்கச் செய்தார். அப்போது வயலின்களும் இருந்தன. நீங்கள் வயலின் சேர்த்து வாசிக்கும்போதெல்லாம் பூங்காவின் பக்கத்தை விட்டு அந்தக் குழந்தைகள் பக்கம் வந்து நிற்கிறீர்கள். இதைக் கேட்டால் உங்கள் ரசிகர்கள் மகிழமாட்டார்களா?

சரி, இங்கிலாந்து மட்டும்தானா என்றால், இல்லை. அதே சமாதானத்துக்காகப் பாரிசில் 1749 ஏப்ரல் 22 அன்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் 'நாயிஸ்' என்ற ஓபரா, அதாவது இசைநாடகம், முதன்முதலாக மேடையேறியது. (இங்கிலாந்து அப்போது பழைய நாட்காட்டியில் பதினொரு நாள் பின்தங்கியிருந்தது. ஆகவே தேதிகள் நெருக்கமாகத் தெரிந்தாலும் பாரிஸ் இரண்டு வாரத்துக்கு மேல் முந்திக்கொண்டது.) முதலில் அதற்குச் சமாதானத்தின் வெற்றி என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் ஜெயித்த இடங்களையெல்லாம் மன்னர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று மக்களுக்குக் கோபம். "சமாதானம் மாதிரி மடத்தனம்" என்பது பாரிசில் வசவாகவே ஆகிவிட்டது. பெயரை மாற்றினார்கள். அதன் முகப்பிசையை ஒருமுறை கேளுங்கள். வானுலகை அசுரர்கள் முற்றுகையிடும் ஆரவாரம் அது. பிறகு தேவர்கள் உலகைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், வானம் ஜூபிடருக்கு, கடல் நெப்டியூனுக்கு. ஜூபிடர் பதினைந்தாம் லூயி என்றும் நெப்டியூன் ஜார்ஜ் மன்னர் என்றும் பொருள் கொள்வது வழக்கம்.

இந்த அசுரர் கதையை லண்டன் மூன்று வருடம் முன்பே பயன்படுத்தியிருந்தது. 1746 ஜனவரி 7 அன்று க்ளுக் என்ற இளம் இசையமைப்பாளர் 'அசுரர்களின் வீழ்ச்சி' என்ற ஓபராவை அங்கே அரங்கேற்றினார். அப்போது ஸ்காட்லாந்தில், பிரிட்டிஷ் பட்டம் தன் குடும்பத்துக்கே உரியது என்று கிளம்பிய ஸ்டூவர்ட் இளவரசரின் கலகம் அடங்கவில்லை. அசுரர்கள் என்றால் அந்தக் கலகக்காரர்கள், அவர்களை வீழ்த்தப்போகும் வீரர் மன்னரின் மகன் கம்பர்லண்ட் கோமகன். எதிரி யாராக இருந்தாலும் மேடையில் அவன் அசுரன்தான். நாடு மாறினாலும் வேஷம் மாறவில்லை.

அந்தக் கோமகனைப் பற்றி ஆசிரியர்களிடம் தனியாகப் பேச வேண்டும். சுசூகி முறையில் வயலின் கற்கும் பிள்ளைகளுக்கு இரண்டாம் புத்தகத்தின் முதல் பாடம் எது என்று உங்களுக்குத் தெரியும். 'ஜூடாஸ் மக்கபேயஸ்' என்ற ஹேண்டலின் படைப்பிலிருந்து வரும் கூட்டுப்பாடல். என் அக்கா மகள் அதை மூன்று வாரம் வாசித்துப் பழகினாள். நீண்ட சுரத்தில் வில் நடுங்கும், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்குவாள். அதே மெட்டை ஈஸ்டர் காலையில் தேவாலயத்தில் நானும் அடித்தொண்டையில் பாடியிருக்கிறேன். உயிர்த்தெழுந்தவருக்கான பாட்டாகத்தான் எனக்கு அது பழக்கம்.

1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் மேட்டுநிலத்தில் கம்பர்லண்டின் படை ஒரு மணி நேரத்துக்குள் கலகப் படையை அழித்தது. அதோடு நிற்கவில்லை. காயம்பட்டுக் கிடந்தவர்களைக் கொன்றார்கள், அப்புறம் மலையோரக் கிராமங்களைக் கொளுத்தினார்கள், மாடுகளை ஓட்டிப்போனார்கள். கோமகனுக்குக் கசாப்புக்காரர் என்ற பெயர் நிலைத்தது. அடுத்த வருடம் ஏப்ரல் 1 அன்று கோவென்ட் கார்டன் அரங்கில் 'ஜூடாஸ் மக்கபேயஸ்' அரங்கேறியது. பாடலாசிரியர் தாமஸ் மோரெல் அதைக் கம்பர்லண்டுக்கே காணிக்கையாக்கினார். வெற்றி வீரனை வரவேற்கும் அந்த மெட்டு உண்மையில் 1748இல் வந்த 'ஜோஷுவா'வில் பிறந்தது, இதில் பிறகுதான் சேர்ந்தது. ஆனால் சேர்ந்த இடத்தை விட்டு அது போகவே இல்லை. இதே கோமகன் 1745 மே மாதம் ஃபோன்டெனுவாவில் பிரெஞ்சுப் படையிடம் தோற்றவர். அந்த வெற்றிக்கு வெர்சாயில் வோல்டேர் எழுதி ராமோ இசையமைத்த 'புகழின் கோயில்' நவம்பரில் அரங்கேறியது. 'ஜூடாஸ்' அரங்கேறிய மூன்றே மாதத்தில் லாஃபெல்டில் அவர் மறுபடியும் தோற்றார்.

பிள்ளைகளுக்கு அந்த மெட்டைச் சொல்லித்தர வேண்டாம் என்று கேட்கவில்லை. அது அழகான மெட்டு, என் அக்கா மகளின் வில்லை நேராக்கியதே அதுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையைத் தாங்கும் தெம்பு உண்டு என்று மட்டும் சொல்கிறேன். நான் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ செத்துப்போனவங்களுக்கு யாரும் பாட்டு எழுதலையா?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

பாடகர் குழுத் தலைவர்களே, நீங்கள் 'டெட்டிங்கன் தே தேயும்' (டெட்டிங்கன் போர் வெற்றிக்கு ஹேண்டல் எழுதிய நன்றிப்பாடல்) பாட முடிவெடுத்தால், அதன் முதல் முழக்கத்துக்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். 1743 ஜூன் 27, மைன் ஆற்றங்கரை. பிரிட்டிஷ் மன்னர் ஒருவர் தானே படை நடத்திய கடைசிப் போர் அது. ஜெயித்த பிறகு படை ஹனாவ் ஊரை நோக்கி நடையைக் கட்டியது, தன் காயம்பட்டவர்களை எதிரியான பிரெஞ்சுத் தளபதியின் பொறுப்பில் விட்டுவிட்டு. அவரும் அவர்களைப் பராமரித்தார். நவம்பர் 27 அன்று புனித ஜேம்ஸ் அரண்மனைத் தேவாலயத்தில் இறைவனுக்கு நன்றி பாடினார்கள். டிரம்பெட்டுகள் முழங்க முழங்க, அந்தக் களத்தில் கிடந்தவர்களையும் நினைத்துக்கொண்டு பாட முடியும். குரல் வேறு மாதிரி வரும். நான் பாடிப் பார்த்திருக்கிறேன்.

இசை தனியாக நிற்கட்டுமே, போரும் அரசியலும் எதற்கு என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இசை போரை விட்டு விலகி நின்றாலும், போர் இசையை விட்டுவைத்ததா? ஜெர்மானியச் சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டனில் அரசவை இசைஞராக இருந்த ஹாஸேயைப் பாருங்கள். 1745 டிசம்பரில் கெஸ்ஸல்ஸ்டார்ஃப் போரில் சாக்சனியைத் தோற்கடித்து ஃபிரெடெரிக் டிரெஸ்டனுக்குள் வந்தார். வந்த கையோடு ஹாஸேயின் 'அர்மீனியோ' ஓபராவை நடத்தச் சொல்லிக் கேட்டு ரசித்தார். அதே ஃபிரெடெரிக், ஏழாண்டுப் போரின் நடுவில், 1760 ஜூலையில் அதே நகரத்தின் மேல் குண்டு பொழிந்தார். ஹாஸேயின் வீடு எரிந்தது. அச்சிடுவதற்காகத் தயாராகிக்கொண்டிருந்த கையெழுத்துப் பிரதிகளும் எரிந்தன. ஒரு வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி. புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்த மன்னர், ஹாஸேயின் இசையை மனதாரப் புகழ்ந்த மன்னர். அந்த 1760 தொடக்கத்தில்தான் வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள், அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அதுவும் அதே ஏழாண்டுப் போர்தான்.

என் வேண்டுகோள் பெரியதில்லை. ஒவ்வொரு படைப்புக்கும் கீழே அது முதலில் எங்கே, என்றைக்கு, எதற்காக ஒலித்தது என்று மூன்று வரி போடுங்கள். தமிழிலும் போடுங்கள். ஹேண்டலின் வாணவேடிக்கை இசையை எடுத்தால் 'நாயிஸ்' முகப்பிசையையும் பக்கத்தில் வையுங்கள், ஒரே சமாதானம் இரண்டு தலைநகரங்களில் எப்படிக் கேட்டது என்று தெரியட்டும். புதுச்சேரியில் அந்த நாட்களைத் தமிழில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து, சென்னைப் பட்டணம் பிடிபட்ட நாட்களின் ஒரு பத்தியை யாராவது மேடையில் வாசிக்கட்டும். பிடிபட்ட ஊரின் குரல் நிகழ்ச்சியில் அந்த ஒரு இடத்திலாவது கேட்கும்.

இன்னொன்று. வாணவேடிக்கை இசையில் 'சமாதானம்' என்று ஹேண்டலே பெயர் வைத்த ஒரு மெதுவான பகுதி இருக்கிறது. அன்று அதை அவசரமாக ஓட்டிவிட்டு அடுத்து வரும் 'களிப்பு'க்குத் தாவினீர்கள். அடுத்த முறை அதற்கு முன்னால் ஒருவர் மைக்கைப் பிடித்து, இந்தச் சமாதானத்தில் திருப்பிக் கொடுக்கப்பட்ட ஊர்களில் ஒன்று சென்னை என்று சொல்லட்டும். அந்தப் பையன் வந்திருக்கலாம். அவன் தன் அம்மா பக்கம் திரும்புவதற்குக் கொஞ்சம் நேரம் விட்டு, அப்புறம் வாசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் அரங்கின் பின்வரிசையில் உட்காரும் ஒரு ரசிகர்