நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியலைச் செய்து பார்த்துக் கற்க நேரமும் பொருள்களும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
இடைநிலை ஆசிரியை,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்கள்,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை – 600 006.
(உரிய வழியாக)

பொருள்: தொடக்க வகுப்புகளில் செய்முறை வழி அறிவியல் கற்பித்தல் – வாராந்திர நேரம், செலவுப் பொருள்கள், பயிற்சி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பணியில் சேர்ந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வகுப்பும் சேர்த்து 27 பிள்ளைகள். அவர்கள் அறிவியலைத் தங்கள் கையால் செய்து பார்க்க வாரத்தில் ஒரு நாள் அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகள் ஒதுக்கித் தர வேண்டும். அதற்கான பொருள்கள் உடைந்தாலும் தீர்ந்தாலும் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஓர் ஆணையும் வேண்டும். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதைச் சொல்ல, சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

செடி வளர வெயில் வேண்டும் என்பது பாடம் நடத்துவதற்கு முன்பே பிள்ளைகளுக்குத் தெரியும். கேட்டால் ஒரே குரலில் சொல்வார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று கொட்டாங்கச்சிகளில் ஈரமண் போட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறு ஊன்றினோம். பாதியை ஜன்னல் ஓரம் வைத்தோம். மீதியை வகுப்பின் மூலையில் வைத்துப் பழைய மண்சட்டிகளால் மூடினோம். தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, பாட்டில் மூடியால் இரண்டு மூடி. இந்த ஒரே அளவு என்ற விதியை நான் சொல்லவில்லை. “அதுக்கு நிறைய ஊத்திட்டு இதுக்குக் கொஞ்சமா ஊத்தினா எதனால வளர்ந்துச்சுன்னு எப்படி டீச்சர் தெரியும்?” என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சண்டை போட்டதால் வந்த விதி அது.

ஏழாம் நாள் சட்டிகளைத் தூக்கினோம். ஸ்கேல் வைத்து அளந்தார்கள். இருட்டில் இருந்த செடி 18 சென்டிமீட்டர், ஜன்னல் ஓரம் இருந்தது 9. வகுப்பே கத்தியது. வெயில் இல்லாவிட்டால்தான் செடி நன்றாக வளரும் என்று நோட்டில் எழுதவும் தொடங்கிவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுதாமல் என்னிடம் வந்து, “பரீட்சையில எதை எழுதணும் டீச்சர், புத்தகத்துல இருக்கறதையா, நாம பார்த்ததையா?” என்று கேட்டாள்.

அன்று நான் விடை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் பாடம் முடிந்திருக்கும். உயரம் தவிர வேறு என்னென்ன வித்தியாசம் தெரிகிறது, பார்த்து எழுதுங்கள் என்றேன். வெளிறிய மஞ்சள் நிறம். இலை சரியாக விரியவில்லை. தண்டு நூல் மாதிரி இருக்கிறது, ஊதினாலே சாய்கிறது. மூன்று நாள் கழித்து அவை தானாகவே படுத்துவிட்டன. சிலவற்றை ஜன்னலுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். மாற்றிய இரண்டாம் நாள் இலைகளில் பச்சை பிடித்தது. “வெளிச்சத்தைத் தேடித்தான் ஒசந்திருக்கு டீச்சர்” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. விதைக்குள் இருந்த உணவைச் செலவழித்துக்கொண்டு வெளிச்சம் கிடைக்குமா என்று செடி எட்டிப் பார்த்திருக்கிறது என்பதை அதற்கு அப்புறம்தான் நான் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருந்தால் அது இன்னொரு மனப்பாட வரியாகப் போயிருக்கும்.

ஐயா, இதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. செலவு ஒரு கைப்பிடி பயறு. ஆனால் அந்த நேரத்தை நான் மற்றப் பாடவேளைகளிலிருந்து பிய்த்துப் பிய்த்துத்தான் எடுத்தேன். கால அட்டவணையில் அறிவியலுக்கு இருக்கும் ஒரு பாடவேளையில் பொருள்களை எடுத்து வைத்து, குழு பிரித்து, பிள்ளைகள் பார்க்கத் தொடங்கும்போது மணி அடித்துவிடும். தவறாகப் போன சோதனையை மறுபடி செய்ய முடியாது. அதனால்தான் நான் உட்படப் பல ஆசிரியர்கள், மேசையில் நாமே செய்து காட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கைகட்டிப் பார்க்க வைக்கிறோம். அதைச் செய்முறை என்று பாடக்குறிப்பில் எழுதுகிறோம். மனசாட்சிப்படி சொன்னால் அது செய்முறை அல்ல.

பொருள்கள் விஷயத்துக்கு வருகிறேன். தொடக்கப் பள்ளிகளின் அடிப்படை வசதிகளுக்காக மத்திய அரசு 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்திலேயே தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். பிறகும் வெவ்வேறு திட்டங்களில் பெட்டிகள் வந்தன. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் அப்படி ஒரு பெட்டி பீரோவுக்குள் இருந்தது. காந்தம் துருப்பிடித்துப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. லென்ஸ் சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கப்படவில்லை. யாரையும் குறை சொல்லி எழுதவில்லை. ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. ஒரு தெர்மாமீட்டர் உடைந்தால் தணிக்கையில் கேள்வி வரும், ஓய்வு பெறும் நேரத்தில் அது வந்து நிற்கும் என்ற பயம் தலைமையாசிரியர்களுக்கு நிஜமாகவே இருக்கிறது. பீரோவுக்குள் இருந்தால் எதுவும் உடையாது. பிள்ளைகளின் கையில் கொடுத்தால் உடையத்தான் செய்யும்.

எனவே கைலென்ஸ், காந்தம், தெர்மாமீட்டர், சோதனைக் குழாய் போன்றவற்றைச் சாக்பீஸ் மாதிரி செலவாகும் பொருள்களாகக் கருத வேண்டுகிறேன். உடைந்ததை வகுப்பாசிரியர் ஒரு நோட்டில் எழுதித் தலைமையாசிரியர் கையெழுத்திட்டால் போதும் என்று ஆக்குங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கென்று குறித்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு உள்ளூர்க் கடையிலேயே வாங்க அனுமதியுங்கள். பலூன், மெழுகுவர்த்தி, வினிகர், நூல் வாங்க ஒப்பந்தப்புள்ளி தேவையில்லை. இவற்றை இப்போது என் கைக்காசில்தான் வாங்குகிறேன். என்னால் முடிகிறது, முடியாத ஆசிரியர் எத்தனையோ பேர்.

2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து சோதனைகள் செய்ய வைக்கிறார்கள். அவர்கள் எங்கள் பள்ளிக்கு வரும் நாளில் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது. ஏழாம் வகுப்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். போன முறை ஒருத்தி பெஞ்சை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று பார்த்தாள். பத்து வயதில் இருக்கும் இந்த ஆவலை இரண்டு ஆண்டு வெளியே நிறுத்தி வைக்க வேண்டுமா? கருத்தாளர் வரும் நாளில் ஒரு பாடவேளையை நான்காம், ஐந்தாம் வகுப்புக்கும் தரலாம். தனித் தொடக்கப் பள்ளிகளுக்குப் பருவத்துக்கு ஒரு முறையாவது அவர்கள் போகலாம்.

இது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தை (இன்றைய நர்மதாபுரம்) நினைவூட்ட விரும்புகிறேன். அங்கே 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் சோதனை செய்து கற்கும் அறிவியல் தொடங்கியது. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவியது. கிராமத்துப் பள்ளிகள்தான், ஆய்வுக்கூடம் கிடையாது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவங்கள் செய்ய, எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தா கற்றுக்கொடுத்ததும் அந்தத் திட்டத்தில்தான். பெட்டியைக் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. தீர்ந்ததை மறுபடி நிரப்பினார்கள். ஆசிரியர்கள் மாதாமாதம் கூடி எந்தச் சோதனை வரவில்லை என்று பேசினார்கள். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. 2002இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது எனக்கு இன்றும் வருத்தமான செய்தி. ஆனாலும் முப்பது ஆண்டு நடந்திருக்கிறது. நம் மாநிலத்திலும் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் போனது. பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்து, அவரவர் வேகத்தில் கற்கவிட நம் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு வேண்டிய பயிற்சியும் அந்த மாதிரியானதுதான். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் குறுவள மையத்தில் அறிவியலுக்கு ஒரு நாள் கொடுத்தால், அன்று திரையில் படம் காட்ட வேண்டாம். ஆசிரியர்களே பயறு ஊன்றட்டும், மண்புழுவைக் கையில் எடுக்கட்டும், சோதனை சொதப்பினால் ஏன் என்று தேடட்டும். “தெரியவில்லை, பார்க்கலாம் வா” என்று பிள்ளையிடம் சொல்ல ஆசிரியருக்குத் தைரியம் வர வேண்டும். எனக்கு அது வரப் பத்து ஆண்டுகள் ஆயின.

பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு இது இடையூறாகுமோ என்ற தயக்கம் தங்களுக்கு இருக்கலாம். என் அனுபவம் வேறு. தமிழில் நான்கு வரி எழுத அழும் ஒரு பையன், பச்சைப்பயறுக்கு ஒரு பக்கம் எழுதினான். பிழைகள் உண்டு. ஆனால் எல்லாம் அவன் சொந்த வாக்கியங்கள். நாள்தோறும் அளந்ததைக் கழித்து, ஒரு நாளில் எவ்வளவு வளர்ந்தது என்று கண்டுபிடித்தவனும் அவன்தான்.

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 29ஆம் பிரிவு, செயல்பாடுகள் வழியாகவும் கண்டறிந்தும் ஆராய்ந்தும் பிள்ளைகள் கற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பருவத் தேர்வின் அறிவியல் வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியாவது, பிள்ளை தானே செய்து பார்த்த ஒன்றைப் பற்றி எழுதுவதாக இருக்கட்டும். புத்தகத்தில் இருப்பதா, நாம் பார்த்ததா என்று கேட்ட அந்தச் சிறுமிக்கு நான் இன்னும் முழு விடை சொல்லவில்லை. அதைத் துறைதான் சொல்ல முடியும்.

முடிக்கும் முன் ஒன்று. எங்கள் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. ஏப்ரலில் வரும் நாள் தேர்வோடும் விடுமுறையோடும் போய்விடுகிறது. ஆகஸ்டில் பள்ளி திறந்திருக்கும். ஜூலையிலேயே குச்சியை நட்டு வாரம் ஒரு முறை நண்பகல் நிழலைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தால், அது தெற்குப் பக்கம் விழுந்து, குறுகிக் குறுகி, ஒரு நாள் காணாமல் போய், பிறகு வடக்கே நீளத் தொடங்குவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். கடிகாரத்தில் 12 மணி தாண்டிச் சில நிமிடம் கழித்துத்தான் நிழல் மிகச் சிறியதாகிறது என்பதையும் கண்டுபிடிப்பார்கள். ஜூன் மாதத்துக்குள் தங்கள் ஆணை வந்தால், இந்த ஆண்டே குச்சியை நட்டுவிடுவோம். ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இடைநிலை ஆசிரியை

இணைப்பு: பச்சைப்பயறு சோதனை பற்றி மாணவர்கள் எழுதிய குறிப்புகளின் நகல்.