வெளிப்படுத்தின விசேஷத்தை யார் கையில் விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் 'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்ற சுவரெழுத்து கண்ணில் படாமல் போகாது. அந்த வரியோடு எனக்குச் சண்டை இல்லை, நானும் அதை நம்புகிறவன்தான். அதற்கு அடுத்த வரியை, வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் அதைப் பற்றிச் சொல்வதை, நம் ஜனங்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள் என்பதில்தான் என் வருத்தம்.

எங்கள் சித்தப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். 1999 டிசம்பரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், 2000 பிறக்காது, அதற்குள் வருகை நடந்துவிடும் என்று யாரோ அடித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தார். அந்த மாதக் கடைசி வாரம் அவர் கத்தியைத் தொடவே இல்லை. மரங்களில் சிரட்டை கவிழ்ந்தபடியே கிடந்தது, சித்தி உலர்ந்த மரச்சீனியும் மண்ணெண்ணெயும் மெழுகுவர்த்தியுமாக அடுக்களை மூலையில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். ஜனவரி 1 எப்போதும்போல விடிந்தது. திங்கட்கிழமை இருட்டோடே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார், யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரக் கூலி போனதோடு சரி, அவரைக் குழப்பிவிட்ட ஆள் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

இதே கதை அப்போஸ்தலர் காலத்திலேயே கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கேயில் நடந்திருக்கிறது. கர்த்தருடைய நாள் வந்தேவிட்டது என்று கலங்கின சபைக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதின இரண்டாம் நிருபத்தில், வேலை செய்யாமல் சுற்றினவர்களைப் பார்த்து, வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்கிறார். இந்தப் பகுதியை வைத்து பந்தல் போட்டு நடத்துகிற கன்வென்ஷன் கூட்டங்களில் ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

நாள் குறித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியார் பின்னால் போனவர்கள் 1844 அக்டோபர் 22 என்றார்கள். தென்கொரியாவில் ஒரு சபை 1992 அக்டோபர் 28 என்றது. வேலையை விட்டு, சொத்தை விற்று வந்தவர்கள் நடுராத்திரி வரை காத்திருந்தார்கள், அந்தச் சபைத் தலைவரோ குறித்த நாளுக்குப் பிறகு முதிர்வடைகிற பத்திரங்களில் பணம் போட்டு வைத்திருந்தது அம்பலமாகி, அதற்கு முந்தின மாதமே கைதாகியிருந்தார். பந்தலில் தொங்கவிடுகிற அந்த வண்ணச் சார்ட், விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுகிற இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம், அப்புறம் ஆயிரவருட அரசாட்சி என்று வரிசை கட்டின கணக்கு, அப்போஸ்தலர் காலத்திலிருந்து அப்படியே வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1830-களில் பிரிட்டனில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார் கற்பித்து, 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகள் வழியாகப் பரவின முறை அது. ஆயிரம் வருடத்தைச் சபையின் காலமென்று பழைய சபைப் பிதாவான அகுஸ்தீனார் வாசித்தது அதற்கு 1400 வருடம் முன்னால். எது சரி என்று வாதாடுங்கள், அது வேறு விஷயம். ஆனால் இன்னொரு வாசிப்பு இருக்கிறது என்றாவது ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?

சுனாமிக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. குளச்சலிலும் மணக்குடியிலும் பிள்ளைகளைப் புதைத்த கை காயுமுன்னே, 'சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்' என்று லூக்கா 21-ஐ எடுத்துப் பேசினார்கள், பாவத்துக்கு வந்த அடையாளம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அதே லூக்காவில் 13-ம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று சொல்வதை அன்றைக்கு எந்த மைக்கிலும் நான் கேட்கவில்லை.

ஆனால் கன்வென்ஷன்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நம் பழைய சபைகளில் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் 'நியாயந்தீர்க்க வருவார்' என்று எல்லோரும் எழுந்து நின்று சொல்கிறோம், உட்கார்ந்த பிறகு அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து நாலு வாரமும் இயேசுவின் பிறப்போடு இரண்டாம் வருகையையும் நினைப்பதற்கென்றே உள்ளது, நம்மூரில் அது கேரல் பிராக்டிஸிலும் குடில் போட்டியிலும் கரைந்துவிடுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் ஏழு சபைகளுக்கு எழுதின கடிதம், அந்த ஊர்களெல்லாம் இன்றைய துருக்கியில் இருக்கின்றன, ரோம ராஜ்யத்துக்குக் கீழே நசுங்கினவர்களுக்குத் தைரியம் சொல்ல எழுதினது, அதில் மிருகத்தின் முத்திரையோடு வருகிற 666 என்பது எபிரெய எழுத்துக் கணக்கில் ரோமச் சக்கரவர்த்தி நீரோவின் பெயர் என்று வேத அறிஞர் பலர் சொல்கிறார்கள். இவ்வளவையும் சொல்ல ஒரு மணி நேரம் போதும்.

2021-ல் பக்கத்து வீட்டு அம்மா கொரோனா தடுப்பூசிக்குப் போக மறுத்து, கையில் போனோடு என்னிடம் வந்தார். "ஊசியில முத்திரை இருக்குன்னு சொல்லுதாவளே, உள்ளதா மக்ளே?" ஆயரிடம் கேட்டீர்களா என்றேன். "அவருட்ட இதெல்லாம் கேக்கலாமா?" என்றார், ஏதோ தப்பு செய்தவர் மாதிரி குரலைத் தாழ்த்தி. ஐம்பது வருடமாக அந்த ஆலயத்துக்குப் போகிறவர்.

ஆயர்களே, இந்த வருடம் கேரல் சுற்றுக்குக் கிளம்பும் முன் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஒதுக்குங்கள். பிரசங்கம் வேண்டாம், கேள்வி கேட்க விடுங்கள். அந்த அம்மாவை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சபை அங்கத்தினர்,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்.